எழுபத்தெட்டும் எட்டும்: டெரல் டேவிஸின் ஹால் ஆஃப் ஃபேம் வழக்கு

அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர் டெரல் டேவிஸ், அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் 78. டென்வர் பிராங்கோஸ் அணிக்காக 1995 முதல் 2001 வரை ஏழு சீசன் என்று ஏட்டில் இருக்கும். அதில் முழங்கால் ஒழுங்காக இருந்தது முதல் நாலு சீசன்தான். கடைசி மூன்று சீசனையும் சேர்த்துக் கூட்டினால் 17 ஆட்டம் தேறும். இப்படிப்பட்ட ஒருவருக்கு ஒஹாயோ மாநிலம் கேன்டனில், அந்த ஆட்டத்தின் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் வெண்கலச் சிலை வைக்கலாமா என்று 2007-ல் தொடங்கிய வாக்குவாதம், 2017 பிப்ரவரி 4 அன்று ஹூஸ்டனில் முடிந்தது. வைக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு சரிதான் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு ஆதரவாக அதிகம் பேசப்பட்ட இரண்டு வாதங்களும் எனக்கு ஒட்டவில்லை. ஒன்று, 'காயம் மட்டும் படாமல் இருந்திருந்தால்' என்கிற பெருமூச்சு. இன்னொன்று, '68 ஆட்டமே ஆடிய கேல் சேயர்ஸை எடுத்தீர்களே, இவரை ஏன் எடுக்கவில்லை' என்கிற கேள்வி. டேவிஸின் வழக்கு நிற்பது 78 ஆட்டங்களுக்கு வெளியே, அந்தக் கணக்கில் சேராத எட்டு ஆட்டங்களில். அந்த எட்டும் இல்லையென்றால் நானே எதிராகத்தான் ஓட்டுப் போடுவேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை

அமெரிக்க ஃபுட்பாலில் ரன்னிங் பேக் என்பவர், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கையில் கொடுக்கும் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர். எவ்வளவு தூரம் முன்னேறினார் என்பதை யார்டில் அளக்கிறார்கள். நம்ம ஊர் கெஜம்தான், மூன்று அடி. ஒரு முறை ஓடினால் நாலு யார்டு கிடைத்தாலே குறை சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு ஓட்டமும் முடிவது நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரண்டு மூன்று பேர் மேலே விழுவதில்தான். அதனால் இந்த வேலையில் நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதே ஒரு திறமை. எம்மிட் ஸ்மித் 18,355 யார்டு சேர்த்தார். கர்ட்டிஸ் மார்ட்டின் தொடர்ந்து பத்து சீசன் ஆயிரம் யார்டைத் தாண்டி, 14,101-ல் நிறுத்தினார். டேவிஸின் மொத்தம் 7,607. மார்ட்டினுடைய கணக்கில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

196-வது ஆள்

சான் டியாகோவில் பிறந்து வளர்ந்தவர் டேவிஸ். லாங் பீச் ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்தார், 1991 சீசனோடு அந்தக் கல்லூரி ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அதே இடத்தில் அவருக்கு முன்னால் நின்றது காரிசன் ஹர்ஸ்ட். ஹர்ஸ்ட் போன பிறகு டேவிஸுக்குத் தொடைத் தசைக் காயம் வந்தது. ஆக, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 1995-ல், ஆறாவது சுற்றில், 196-வது ஆளாக டென்வர் இவரை எடுத்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சி முகாமில் ரன்னிங் பேக் வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தார்.

அந்த ஆகஸ்டில் சீசனுக்கு முந்தைய ஆட்டம் ஒன்றுக்காக அணி டோக்கியோ போனது, எதிரே சான் பிரான்சிஸ்கோ. நமக்கு இங்கே வேலையில்லை, ஊருக்குப் போய்விடலாம் என்று டேவிஸ் முடிவுசெய்து, ஹோட்டல் வரவேற்பறையில் விமான டிக்கெட் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசியது இவருக்குப் புரியவில்லை. இதைப் பின்னால் அவரே பல முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். சரி, ஆடிவிட்டே போவோம் என்று மைதானத்துக்குப் போனார். இரண்டாம் பாதியில், பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துவிடும் கிக்காஃப் ஒன்றுக்கு இறக்கினார்கள். பந்தைப் பிடித்து ஓடிவந்த ஆளை இவர் பாய்ந்து இடித்த இடியில் அந்த ஆள் பின்பக்கமாகப் போய் விழுந்தார். பயிற்சியாளர் மைக் ஷானஹன் இந்தப் பையன் யார் என்று நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். சீசன் தொடங்கும்போது டேவிஸ் முதல் வரிசை ரன்னிங் பேக்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 1995-ல் 1,117 யார்டு. 1996-ல் 1,538, அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது. 1997-ல் 1,750. 1998-ல் 2,008 யார்டு, 21 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது), லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது. ஒரே சீசனில் 2,000 யார்டைத் தாண்டிய நாலாவது ஆள் அவர். அவருக்கு முன்னால் ஓ.ஜே. சிம்ப்சன், எரிக் டிக்கர்சன், பேரி சாண்டர்ஸ் மட்டும்தான். நாலு சீசனில் 6,413 யார்டு, ஓட்டத்தில் மட்டும் 56 டச் டவுன்.

1999 அக்டோபர் 3, சீசனின் நாலாவது ஆட்டம், நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராக. டென்வர் குவார்ட்டர்பேக் வீசிய பந்தை எதிரணி பறித்துவிட்டது. பந்தோடு ஓடுகிறவரைத் தடுக்க டேவிஸும் பாய்ந்தார். வலது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. அவருக்கு அப்போது வயது 26. ஓடும்போது வந்த காயம் இல்லை அது, வேறொருவர் தவறைச் சரிசெய்யப் போனபோது வந்தது. திரும்பி வந்தார்தான், ஆனால் வந்தது பழைய ஆள் இல்லை. 2000-ல் ஐந்து ஆட்டம், 282 யார்டு. 2001-ல் எட்டு ஆட்டம், 701 யார்டு. 2002 சீசன் தொடங்கும் முன்பே ஓய்வு.

அந்த எட்டு

என்.எஃப்.எல். கணக்கேட்டில் ஒரு வினோதம் உண்டு. லீக் ஆட்டங்களின் யார்டு தனிக் கணக்கு, அதற்குப் பின் தோற்றவர் வெளியேறும் சுற்றான பிளேஆஃப் யார்டு தனிக் கணக்கு. 'இவர் எத்தனை யார்டு' என்று யாராவது கேட்டால் பதிலில் பிளேஆஃப் வராது. கோப்பையை முடிவுசெய்கிற ஆட்டங்கள் மொத்தத்தில் சேராது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

டேவிஸ் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்கள் எட்டு. 204 முறை ஓடி 1,140 யார்டு, 12 டச் டவுன். ஆட்டத்துக்குச் சராசரி 142.5 யார்டு, ஓட்டத்துக்கு 5.6. முதல் ஆட்டம் 1997 ஜனவரியில் ஜாக்சன்வில் அணியிடம், டென்வர் 30-27 என்று தோற்றது. அதில் இவர் 91 யார்டு. மிச்சம் ஏழிலும் நூறைத் தாண்டினார், ஏழிலும் டென்வர் வென்றது. இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் இரண்டு கோப்பைகள் அந்த ஏழுக்குள்தான் இருக்கின்றன.

லீக் ஆட்டத்தில் ஓட்டத்துக்கு 4.6 யார்டு சராசரி வைத்திருந்தவர், நாட்டிலேயே நல்ல தடுப்பாட்டம் வைத்திருக்கும் அணிகளை மட்டும் சந்திக்கும் கட்டத்தில் 5.6-க்கு ஏறியிருக்கிறார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொதுவாக அந்தக் கட்டத்தில் எண்கள் இறங்கும்.

அதில் ஒரு ஆட்டத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 1998 ஜனவரி 25, 32-வது சூப்பர் பவுல், சான் டியாகோ. டேவிஸின் சொந்த ஊர். எதிரே நடப்புச் சாம்பியன் கிரீன் பே பேக்கர்ஸ். டென்வருக்கு வாய்ப்பே இல்லை என்பதுதான் பந்தயக்காரர்கள் கணக்கு. லீகின் இரண்டு பிரிவுகளில் டென்வர் இருக்கும் ஏ.எஃப்.சி. அணிகள் அதற்கு முன் தொடர்ந்து 13 சூப்பர் பவுல் தோற்றிருந்தன. அதில் மூன்று டென்வர் தோற்றவை, மூன்றிலும் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே.

முதல் கால்பகுதியில் டேவிஸ் ஒரு டச் டவுன் போட்டார். அந்தக் கால்பகுதி முடியும் நேரத்தில் ஒரு மோதலில் தலையில் அடி. சிறுவயதிலிருந்தே ஒற்றைத் தலைவலிக்காரர் அவர். பார்வை மங்கத் தொடங்கியது. டென்வர் அப்போது கோட்டிலிருந்து ஒரே ஒரு யார்டு தள்ளி நின்றது. எனக்குக் கண் தெரியவில்லை என்று ஷானஹனிடம் சொன்னார். ஷானஹன், பரவாயில்லை, இந்த ஒரு முறை மட்டும் உள்ளே போ, பந்து உனக்கு வராது, ஆனால் நீ இல்லாவிட்டால் நாம் ஓடப்போகிறோம் என்று அவர்கள் நம்ப மாட்டார்கள் என்றார். கண் தெரியாத டேவிஸ் உள்ளே போய், இல்லாத பந்தை அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார். கிரீன் பே மொத்தமும் அவர் மேல் விழ, எல்வே பந்தோடு வலப்பக்கம் சுற்றிப்போய்க் கோட்டைத் தாண்டினார்.

அந்த ஒரு காட்சியை இந்த வழக்கின் முக்கியச் சாட்சியாக நான் வைப்பேன். பந்து கையில் இல்லை, கண்ணில் பார்வை இல்லை, இருந்தும் அவர் நிற்கிறார் என்பதற்காகவே எதிரணி அந்தப் பக்கம் சாய்ந்தது.

இரண்டாவது கால்பகுதியின் மிச்சம் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார். சூப்பர் பவுலில் பாட்டுக் கச்சேரிக்காக இடைவேளை நீளம், மருந்து வேலைசெய்ய நேரம் கிடைத்தது. திரும்பி வந்த முதல் ஓட்டத்திலேயே பந்தைத் தவறவிட்டார், கிரீன் பே அதை வைத்து 17-17 என்று சமன் செய்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். அதன் பிறகு இன்னும் இரண்டு டச் டவுன். கடைசி டச் டவுன், 24-24 என்று நின்ற நிலையில், ஆட்டம் முடிய 1 நிமிடம் 45 நொடி இருக்கும்போது வந்தது. அதில் யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. நேரத்தை மிச்சப்படுத்த, அவர் போட்டுக்கொள்ளட்டும் விடுங்கள் என்று கிரீன் பே பயிற்சியாளர் மைக் ஹோம்கிரன் சொல்லியிருந்தார். முன்னேற ஓர் அணிக்கு அடுத்தடுத்து நாலு முயற்சி உண்டு, அது எத்தனையாவது என்பதைத் தவறாக எண்ணிவிட்டதாக அவரே பிறகு ஒப்புக்கொண்டார். 31-24.

டேவிஸ் 30 ஓட்டம், 157 யார்டு, மூன்று டச் டவுன், ஆட்டநாயகன். கோப்பையைத் தூக்கிய அணி உரிமையாளர் பேட் போலன் 'இது ஜானுக்கு' என்றார். மூன்று முறை தோற்று வந்த மனிதருக்கு அது நியாயமான வார்த்தைதான். ஆனால் அன்று எல்வே வீசிச் சேர்த்தது 123 யார்டு. பத்து வருடம் கழித்துத் தேர்வுக்குழு அறைக்குள்ளும் இதே நிழல் டேவிஸ் மேல் விழுந்தது என்பது என் சந்தேகம். அந்த இரண்டு கோப்பைகளும் மக்கள் நினைவில் எல்வே கோப்பைகள்.

எதிர்க்கட்சியின் நல்ல வாதம்

டேவிஸுக்கு எதிரான வாதங்களில் 'ஆட்டம் குறைவு' என்பது பலவீனமானது. பேஸ்பாலில் பத்து சீசன் ஆடினால்தான் ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலிலேயே பெயர் வரும். ஆடி ஜாஸ் என்ற பந்துவீச்சாளர் ஒன்பது சீசனோடு 1911-ல் இறந்துபோக, அந்த ஒருவருக்காக விதியைத் தளர்த்தி 1978-ல் சேர்த்தார்கள். ஃபுட்பாலில் அப்படி ஒரு விதியே கிடையாது. ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். விதியில் இல்லாததை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டால் அது அவரவர் சொந்தத் தராசு.

பலமான வாதம் வேறு. டென்வரின் ஓட்டம் டேவிஸால் வந்ததா, அந்த முறையால் வந்ததா?

ஓடுகிறவருக்கு வழி திறக்கும் முன்வரிசையின் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸும் ஷானஹனும் அங்கே ஒரு முறையைக் கட்டியிருந்தார்கள். முன்வரிசை ஐவரும் ஆளுக்கொரு எதிரியைக் குறிவைக்காமல், எல்லாரும் ஒரே பக்கமாக நகர்ந்து, தன் முன்னால் வருகிறவரை மறிப்பார்கள். ரன்னிங் பேக் அந்த ஓட்டத்தோடு பக்கவாட்டில் போய், எங்கே சந்து திறக்கிறதோ அங்கே ஒரே ஒரு வெட்டு வெட்டி நேராகப் பாய வேண்டும். இரண்டாவது யோசனைக்கு இடம் கிடையாது.

இந்த முறையில் யாரை நிறுத்தினாலும் யார்டு வந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. பொய் இல்லை. டேவிஸ் விழுந்த 1999-ல் ஒலாண்டிஸ் கேரி என்ற புதுப் பையன் 12 ஆட்டத்தில் 1,159 யார்டு எடுத்தார். 2000-ல் மைக் ஆண்டர்சன், இவரும் ஆறாவது சுற்றுப் பையன், 1,487 எடுத்தார். 2002-ல் கிளின்டன் போர்ட்டிஸ் 1,508, அடுத்த வருடம் 1,591. 2004-ல் ரூபன் டிரௌன்ஸ் 1,240. இப்படி வரிசையாக அடுக்கினால் யாருக்கும் சந்தேகம் வரும். 2007-லிருந்து டேவிஸ் பெயர் வருடாவருடம் எழுந்து வருடாவருடம் அமுங்கியதற்கு இந்த வரிசைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் ஆயிரம் யார்டு கொடுத்த ஊரில் 2,000 எடுத்தவர் எவ்வளவு பெரியவர்? தேர்வுக்குழுவில் நான் இருந்திருந்தால் முதல் சில வருடம் நானும் தயங்கியிருப்பேன்.

தயக்கத்தை உடைப்பது யார்டுக் கணக்கு இல்லை, வெற்றிக் கணக்கு. ஷானஹன் டென்வரில் 2008 வரை, 14 சீசன் பயிற்சியாளராக இருந்தார். டேவிஸ் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்களில் 7 வெற்றி, 1 தோல்வி. டேவிஸ் இல்லாமல் அவருடைய டென்வர் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று, 2005 சீசனில் நியூ இங்கிலாந்துக்கு எதிராக. 2000-ல் பால்டிமோரிடம் 21-3. 2003, 2004 இரண்டு சீசனிலும் இண்டியானாபோலிஸிடம் 41-10, 49-24. முறை அதே, பயிற்சியாளர் அதே, ஆயிரம் யார்டு ஆட்களும் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். முறை செப்டம்பரில் யார்டு கொடுத்தது, ஜனவரியில் கோப்பை கொடுக்கவில்லை.

உடனே ஒரு மறுப்பு வரும், வரவேண்டியதும்தான்: 1998-க்குப் பிறகு எல்வேயும் இல்லையே! உண்மை. அவர் 33-வது சூப்பர் பவுலோடு ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு பேரும் ஒன்றாக மறைந்ததால் யார் பங்கு எவ்வளவு என்று முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். டேவிஸ் வருவதற்கு முன் 12 சீசன் எல்வே இருந்தார். மூன்று சூப்பர் பவுல் போனார், மூன்றிலும் பலத்த அடி, கடைசியாக வாங்கியது 55-10. டேவிஸ் இல்லாத எல்வேயும் கோப்பை எடுக்கவில்லை, எல்வே இல்லாத ஷானஹனும் எடுக்கவில்லை. எல்வே 2004-லும், அவர் வீசிய பந்துகளைப் பிடித்த ஷேனன் ஷார்ப் 2011-லும் ஹாலுக்குள் போய்விட்டார்கள், முன்வரிசையின் கேரி ஜிம்மர்மேன்கூட 2008-ல். டேவிஸுக்கு மட்டும் 2017 வரை இடம் இல்லாமல் இருந்தது.

சேயர்ஸை ஏன் இழுக்கக் கூடாது

டேவிஸ் ஆதரவாளர்கள் முதலில் எடுத்த ஆயுதம் கேல் சேயர்ஸ். சிகாகோ பேர்ஸ் அணிக்காக 1965 முதல் 1971 வரை 68 ஆட்டம், 4,956 யார்டு. டேவிஸைவிடப் பத்து ஆட்டம் குறைவு, யார்டில் ரொம்பவே குறைவு. 1977-லேயே, 34 வயதில், உள்ளே எடுத்துவிட்டார்கள். அப்புறம் இவருக்கு மட்டும் என்ன?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேயர்ஸ் உள்ளே போன வழி வேறு. முதல் சீசனிலேயே 22 டச் டவுன் போட்டவர் அவர். 1965 டிசம்பரில் சேறாகக் கிடந்த ரிக்லி மைதானத்தில், மற்றவர்கள் வழுக்கி விழுந்துகொண்டிருக்க, சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு டச் டவுன் போட்டார். 1968-ல் முழங்கால் போய், அடுத்த வருடமே 1,032 யார்டோடு லீகில் முதலாவதாக வந்தார். அவர் ஓடுவதைப் பார்த்தவர்கள் எண்ணைச் சொல்ல மாட்டார்கள், கையை வளைத்து நெளித்துக் காட்டுவார்கள். ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாதவர் அவர்.

டேவிஸ் நேர் எதிர். அவர் ஓட்டத்தில் வேடிக்கை பார்க்க அதிகம் இல்லை. பொறுத்துப் பார்ப்பார், ஒரு வெட்டு, முன்னால் சாய்ந்து விழுந்தாலும் இரண்டு யார்டு கூடுதலாக விழுவார். டச் டவுன் போட்டதும் நின்று ஒரு ராணுவ சல்யூட் அடிப்பார், அவ்வளவுதான் அலங்காரம். சேயர்ஸுக்குக் கண்கள் சாட்சி, டேவிஸுக்குக் கோப்பைகள் சாட்சி. ஒருவரை வைத்து இன்னொருவரை உள்ளே இழுத்தால், நாளைக்கு, 'போ ஜாக்சன்' என்ற ரன்னிங் பேக்கையும் இழுக்க வேண்டிவரும். 38 ஆட்டம், ஓட்டத்துக்கு 5.4 யார்டு, பார்த்தவர்கள் யாரும் மறக்காத ஆள். அவரை எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

'காயம் படாமல் இருந்திருந்தால்' என்பதைப் பற்றி

இந்த வாதம் அனுதாபத்தில் பிறந்தது. நடக்காத ஓட்டத்துக்கு யார்டு போட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

அதைவிட, இந்த வாதம் ஒரு சங்கடமான விஷயத்தை மறைக்கிறது. கூட்டிப் பாருங்கள். 1997-ல் லீகில் 369 முறை, பிளேஆஃபில் 112 முறை ஓடினார், மொத்தம் 481. 1998-ல் 392-ம் 78-ம், மொத்தம் 470. இரண்டே வருடத்தில் 951 முறை. வாழ்நாள் முழுக்க அவர் ஓடியதே, பிளேஆஃப் உட்பட, 1,859 முறைதான். அதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வருடத்தில்! முழங்கால் போனது ஒரு மோதலில், தேய்மானத்தால்தான் போனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 951 ஓட்டமும் அவரை வைத்துக் கோப்பை எடுக்க ஓர் அணி அறிந்தே செலவழித்தவை. டென்வர் அவரைப் பத்து வருடத்துக்குப் பரத்திப் பயன்படுத்தியிருந்தால் 11,000 யார்டோ 12,000 யார்டோ வந்திருக்கலாம், அந்த இரண்டு கோப்பைகள் வந்திருக்காது. குறுகிய காலமும் உச்சமும் இவர் விஷயத்தில் தனித்தனிக் கணக்கு இல்லை. ஆகவே அந்த நாலு வருடத்தை அது இருந்தபடியே எடைபோட வேண்டும், பக்கத்தில் இல்லாத ஆறு வருடத்தைக் கற்பனையாக நிறுத்தத் தேவையில்லை.

ஹூஸ்டன் அறை

அந்தக் காலத்து நடைமுறை இது. சூப்பர் பவுலுக்கு முந்தைய நாள் 48 பேர், பெரும்பாலும் விளையாட்டு நிருபர்கள், ஒரு மூடிய அறையில் கூடுவார்கள். இறுதிப் பட்டியலில் 15 பேர். ஒவ்வொருவருக்காகவும் அந்த ஊர் நிருபர் எழுந்து வாதாடுவார். 15 பத்தாகும், பத்து ஐந்தாகும். ஐந்து பேருக்கும் தனித்தனியாக ஆம், இல்லை. 80 சதவீதம் ஆம் வேண்டும்.

டேவிஸ் பல வருடம் அரையிறுதிப் பட்டியலோடு நின்றார். இறுதி 15-க்குள் முதலில் வந்தது 2015-ல், அப்புறம் 2016-ல். மூன்றாவது முறை கதவு திறந்தது. அதே வருடம் உள்ளே போனவர்களைப் பார்த்தால் தராசு எவ்வளவு விதமாக ஆடுகிறது என்று தெரியும். லடேனியன் டாம்லின்சன் 11 சீசனும் 13,684 யார்டும் வைத்திருந்தவர், முதல் வருடமே தேர்வு. மார்ட்டன் ஆண்டர்சன் 25 சீசன் பந்தை உதைத்தவர். கர்ட் வார்னரின் வாழ்க்கை நடுவில் பள்ளம் விழுந்த வாழ்க்கை. ஓய்வு பெற்று நீண்ட காலம் ஆனவர்களுக்கான மூத்தோர் பட்டியலில் வந்த கென்னி ஈஸ்லி ஏழே சீசன். 25-ம் 7-ம் ஒரே மேடையில் ஹாலின் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றன.

டேவிஸுக்குப் பின் கதவு முன்னளவு இறுக்கமாக இல்லை. ஜாக்சன்வில் அணியின் டோனி பொசெல்லி, 91 ஆட்டம், 2022-ல் போனார். எட்டே சீசன் ஆடிய பேட்ரிக் வில்லிஸ் 2024-ல். 2025-ல் ஸ்டெர்லிங் ஷார்ப், கழுத்துக் காயத்தால் ஏழு சீசனோடு முடிந்தவர், டேவிஸின் தோழர் ஷேனனுடைய அண்ணன். தன் குடும்பத்தில் தான் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரன் என்று 2011 மேடையில் ஷேனன் சொன்னார், அண்ணன் போய்ச்சேர இன்னும் 14 வருடம் ஆனது.

அதே 2025 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. லீகையும் பிளேஆஃபையும் சேர்த்து ஒரே சீசனில் 2,476 யார்டு என்ற டேவிஸின் 1998 சாதனையை, ஃபிலடெல்ஃபியாவின் சாக்வான் பார்க்லி சூப்பர் பவுலில் தாண்டி 2,504-ல் முடித்தார். டேவிஸுக்கு 19 ஆட்டம், பார்க்லிக்கு 20. பிளேஆஃபைச் சேர்த்துக் கூட்டும் பழக்கம் கொஞ்சம் பரவியதில் எனக்குச் சந்தோஷம், அது நடந்தது அவர் சாதனை உடைந்த அன்று என்றாலும்.

மிச்சம் இருப்பது பிரீஸ்ட் ஹோம்ஸ். டேவிஸ் பெயரைச் சொல்லி அவரையும் எடுக்கச் சொல்கிறார்கள். லீக் கணக்கில் டேவிஸைவிட மேலே இருப்பவர்: 8,172 யார்டு, ஓட்டத்தில் 86 டச் டவுன், அதில் 27 டச் டவுன் 2003-ல் மட்டும். என் தராசில் வைத்தால் என்ன ஆகும்? கான்சாஸ் சிட்டியின் முதன்மை ரன்னிங் பேக்காக அவருக்குக் கிடைத்த பிளேஆஃப் ஒன்றே ஒன்று, 2004 ஜனவரியில் இண்டியானாபோலிஸுக்கு எதிராக. 176 யார்டு, இரண்டு டச் டவுன். அன்று அவருடைய அணியின் தடுப்பாட்டம் எதிரணியை ஒரு முறைகூடப் பன்ட் அடிக்க, அதாவது முன்னேற முடியாமல் பந்தை உதைத்து விட்டுக்கொடுக்க, வைக்கவில்லை. 38-31, தோல்வி. அதில் ஹோம்ஸ் செய்ய வேண்டியது அதிகம் மிச்சமில்லை. இருந்தாலும் அது ஒரு ஆட்டம், டேவிஸுடையது எட்டு ஆட்டம். நான் இல்லை என்றுதான் போடுவேன், பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு.